27 வளைவுகள்... 108 நாள்கள்!

சத்தியமங்கலத்தில் தாளவாடி பஸ் ஏறினால் முதலில் வருவது பண்ணாரி. அங்கே அம்மன் கோயிலில் திருநீறுக்குப் பதில் புற்றுமண்தான் பிரசாதம். லாரி டிரைவர்கள் அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். அதற்கு மேல் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள். 2013-ல் இந்தக் காடு புலிகள் காப்பகமானது. இன்றைக்கு வண்டியில் வருகிறவர்கள் யானை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறார்கள். இருபது, முப்பது வருடங்களுக்கு முன்னால் இதே வளைவுகளில் எல்லோரும் பயந்தது வீரப்பனுக்குத்தான்.

திம்பம், ஆசனூர் தாண்டினால் தாளவாடி. தமிழ்நாடுதான், ஆனால் தெருவில் கன்னடமும் தமிழும் கலந்தே கேட்கும். அதை அடுத்த தொட்டகாஜனூர்தான் கன்னட நடிகர் ராஜ்குமாரின் பூர்வீக ஊர். பெங்களூரில் அவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் இங்கே பண்ணை வீடு, தோட்டம் என்று வந்து தங்குவார்.

2000 ஜூலை 30 இரவும் அப்படித்தான் தங்கியிருந்தார். புதுவீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்த நேரம். ஆயுதங்களோடு வந்த வீரப்பனும் கூட்டாளிகளும் அவரையும் உடனிருந்த மூவரையும் காட்டுக்குள் கூட்டிப் போனார்கள். அந்த மூவரில் மருமகனும் ஒருவர். மனைவி பர்வதம்மாவின் கையில் ஒரு கேசட் மட்டும் மிச்சம். கர்நாடக முதல்வருக்குக் கொடுக்கச் சொன்ன கேசட் அது.

பெங்களூரில் கலவரம் வெடித்தது. கன்னடப் படப்பிடிப்புகள் நின்றன. நக்கீரன் கோபால் காட்டுக்குத் தூது போனார். பிறகு பழ. நெடுமாறன் உள்ளிட்டோரும் போனார்கள். தடா கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பது வீரப்பனின் கோரிக்கைகளில் ஒன்று. இரண்டு மாநில அரசுகளும் இறங்கி வந்தபோது, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் அதைத் தடுத்தவர் வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட ஒரு போலீஸ் அதிகாரியின் தந்தை. காட்டில் இருந்தவரின் உயிருக்காக நாடே பதறிய நேரத்தில், தன் மகனின் சாவுக்குக் கணக்குக் கேட்ட அந்த மனிதரைப் பற்றி இன்று யாரும் அதிகம் பேசுவதில்லை.

உடன் கடத்தப்பட்ட ஒருவர் இடையில் தப்பி வந்தார். ராஜ்குமார் 108 நாள்களுக்குப் பிறகு, நவம்பர் 15-ல் விடுவிக்கப்பட்டார். பணம் கைமாறியதாகப் பேச்சு எழுந்தது. கர்நாடகத்தின் முன்னாள் டிஜிபி தினகர் அதைப் புத்தகமாகவே எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் காமகெரேயில் முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தப்பட்டார். அவர் திரும்பவே இல்லை. 2002 டிசம்பரில் காட்டில் உடல்தான் கிடைத்தது. அவரைக் கொன்றது யார் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

ராஜ்குமார் கடத்தல் வழக்கு மலையிறங்கி கோபிசெட்டிபாளையம் கோர்ட்டுக்கு வந்தது. வந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது! 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006-ல் ராஜ்குமார் காலமானார். கேசட்டை வாங்கிய பர்வதம்மா 2017-ல் மறைந்தார். ராஜ்குமார் வீட்டிலிருந்து யாரும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. காட்டில் பட்ட பாட்டை மறுபடி கோர்ட்டில் சொல்ல மனம் வரவில்லையோ என்னவோ.

2018 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று, மிச்சமிருந்த ஒன்பது பேரும் விடுதலை. கடத்தியது யார் என்று தாளவாடியில் பள்ளிக்கூடப் பையனைக் கேட்டாலும் சொல்வான். கோர்ட் கணக்கில் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை.

இப்போது திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, வனவிலங்குகளுக்காக. தாளவாடி போகிறவர்கள் பொழுதோடு மலை ஏறிவிடுவது நல்லது.