தராசுக்குப் பூட்டுப் போட்டது யார்?

போடிநாயக்கனூரில் எனக்குத் தெரிந்த ஏலக்காய்க் கடை ஒன்று. போடிமெட்டு இறங்கி வரும் மூட்டைகள் அங்கே தராசு ஏறிய பிறகுதான் சல்லடைக்குப் போகும். எலக்ட்ரானிக் தராசின் சீரியல் வயரை யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக லினக்ஸ் கணினியில் இணைத்து, எடை தானாகப் பதிவாகும்படி செய்யச் சொன்னார் கடைக்காரர். கணினி தராசைக் கண்டுகொண்டது. எடையை மட்டும் தர மறுத்தது: பர்மிஷன் டினைட்.

"நம்ம கடை, நம்ம தராசு, நமக்கே பர்மிஷன் இல்லையாம்ல! யாரு தம்பி இந்தப் பூட்டப் போட்டது?"

நியாயமான கேள்விதான். அந்தக் கருவிக்கு உரிமையாளர் ‘ரூட்’, குழு ‘டயல்அவுட்’ என்று திரையில் இருந்தது. ஏலக்காய் எடைக்கும் டயல் செய்வதற்கும் என்ன சம்பந்தம்? தேடத் தொடங்கினேன்.

பாதி விடை டெபியன் லினக்ஸ் ஆவணங்களில் கிடைத்தது. ஒரு காலத்தில் சீரியல் போர்ட்டில் மோடம் இருக்கும். அதைத் தொட்டவர் எந்த ஊருக்கும் டயல் செய்யலாம். பில் வேறொருவர் தலையில் விழும். ஆகவே நிர்வாகி சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும் அந்தக் குழு. மோடம் போயே போய்விட்டது, குழு போகவில்லை.

மீதி விடை இன்னும் பழையது. லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டிலேயே டெர்மினலும் டிஸ்க்கும் கோப்புகளாகத்தான் இருக்கின்றன. உரிமையாளர், மற்றவர் என்று அனுமதியில் அன்று இரண்டே பிரிவு. 1974இல் டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்ஸனும் எழுதிய கட்டுரை காரணத்தையும் சொல்கிறது: கருவியையும் கோப்பாக்கிவிட்டால், கோப்புக்கு உள்ள பாதுகாப்பே கருவிக்கும் போதும். யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளச் செய்த ஏற்பாடு, ஒற்றை ஆள் பில் போடும் போடிக் கடையிலும் அப்படியே நடக்கிறது.

செருகும்போது மட்டும் முளைக்கும் யூஎஸ்பி கருவிகளுக்கு யார் அனுமதி எழுதுவது? கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் 2003இல் முன்வைத்த ‘யூடெவ்’ அந்த வேலையைப் பார்க்கிறது. தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் பார்த்து, நாம் எழுதிவைத்த விதிப்படி குழுவையும் நிலையான பெயரையும் கொடுக்கும். ஆனால் மலிவான சிஹெச்340 சிப் உள்ள கன்வெர்ட்டர்களில் பொதுவாகத் தனி வரிசை எண் கிடையாது. இரண்டு தராசு இருந்தால் எந்த யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் விதி எழுத வேண்டும். துளை மாறினால் தராசும் மாறிப்போகும்.

அவசரக்காரர்கள் ‘666 போட்டுவிடு’ என்பார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று அர்த்தம். படித்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் சீரியல் போர்ட்டை அறியாதவர்கள். அங்கே ஒரு நிரல் படித்த எழுத்து அடுத்த நிரலுக்கு மிச்சம் இராது. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் படித்தால் 48.350 கிலோ, 4.50 என்றுகூடப் பதிவாகலாம். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் சரக்கு இது. போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்-ஏலத்துக்குப் போவது. என்னைக் கேட்டால் தராசு இணைத்த கணினியில் 666 கூடவே கூடாது.

பில் போடுகிற பயனர் கணக்கை மட்டும் ‘டயல்அவுட்’ குழுவில் சேருங்கள், போதும். சேர்த்த கையோடு பார்த்தால் மறுபடியும் பர்மிஷன் டினைட் என்றுதான் வரும். லாக்அவுட் செய்துவிட்டு மீண்டும் உள்ளே வந்தால்தான் புதிய குழு செல்லும்.