சரிகை அவிழ்த்த விண்மீன்

எங்கள் வீட்டுக் குடிலின் மேல் ஆண்டுதோறும் தொங்கும் விண்மீனுக்கு வண்ணத்தாளும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஐந்து முனைகளாக வளைத்துக் கட்டிய மூங்கில் சிம்புகள், மூட்டுகளில் நைந்துபோன கொஞ்சம் பட்டு நூல், அவ்வளவே. முதன்முறையாக வீட்டுக்கு வருகிறவர்கள், தாள் ஒட்டும் வேலை இன்னும் முடியவில்லை போலும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒருமுறை, குடில்களைப் பார்வையிடப் பங்கிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இரக்கப்பட்டு, மறுநாளே கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் விண்மீனை வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய அன்பை மறுக்க மனமின்றி அதனை வாயிலில் தொங்கவிட்டேன். குடிலின் மேல் பழையதே இருந்தது.

அதன் வரலாற்றை இதுவரை நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அதில் என்னுடைய பிழை ஒன்று அடங்கியிருப்பதுதான்.

1990களின் தொடக்கத்தில் ஆசிரியைப் பணியின் பொருட்டுக் காஞ்சிபுரத்துக்கு வந்து, பிள்ளையார்பாளையத்தில் ஓர் ஓட்டு வீட்டில் குடியேறினேன். கயிலாசநாதர் கோயிலைக் காண வெளிநாட்டார் வந்துபோகும் அந்தப் பகுதியில், எங்கள் தெருவுக்குள் வந்தவர்கள் சிலரே. விடியற்காலையில் கதவைத் திறந்தால் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருக்கும். ஆணும் பெண்ணுமாக அதன் இருமருங்கும் நின்று, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்துக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவு சுருண்டு வீட்டுக்குள் போய்விடும். அதன்பின் இருட்டும்வரை தறிச் சத்தம். கத்தோலிக்கர் வீடுகள் அங்கு மிகச் சில. ஞாயிறு திருப்பலிக்கு நடந்து போய் வருவோம்.

திருவருகைக் காலம் தொடங்கியதும் என் தாயார் செய்தவாறே நானும் செய்யத் தொடங்கினேன். சிமெண்டுப் பைத் தாளைக் கசக்கி விரித்து, கரியும் சுண்ணாம்பும் தெளித்து மலையாக்குவது. டிசம்பர் பாதியில் தேங்காய்ச் சிரட்டைகளில் கேழ்வரகு விதைத்துப் பசும்புல்லாக்குவது. பழைய நாள்காட்டித் தாள்களில் சங்கிலி ஒட்டுவது. சிரட்டைகளில் முளை கிளம்பியதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். அவர்களுடைய திருமணங்களில் பாலிகை தெளித்து முளைக்க வைப்பார்கள். பாலனுடைய பிறந்தநாளுக்கு என்று சொன்னேன். "அதுக்கும் முளை போடலாம், நல்லதுதான்" என்று தீர்ப்பளித்துவிட்டுப் போனார். எங்கள் விழாவை அத்தெரு ஏற்றுக்கொண்டது அந்த நாளில்தான்.

தறிகளிலிருந்து ஒரு புதிய பொருளும் எனக்குக் கிடைத்தது. சேலையின் கரையிலும் முந்தானையிலும் பூவேலை எடுப்பதற்குத் தறியின் மேல் ஜக்கார்டுப் பெட்டி இருக்கும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஜக்கார்டு என்பவர் 1804இல் உருவாக்கிய அமைப்பு அது. துளையிட்ட அட்டைகளைச் சங்கிலிபோல் கோத்து அதில் தொங்கவிடுவார்கள். பூவேலையின் ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் எந்தப் பாவிழை மேலெழ வேண்டும் என்பது அதிலேயே தீர்மானமாகியிருக்கும். ஓரம் நைந்த அட்டைகளையும், வழக்கொழிந்த பூவுக்குரிய அட்டைகளையும் கட்டாகக் கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள். அவற்றில் சிலவற்றைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகத் தைத்து, உருளையாக வளைத்து, உட்புறம் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டி, நடுவே சிறு மின்விளக்கு ஒன்றை எரியவிட்டேன். மாங்காய்க் கரைக்கென்று இட்ட துளைகள் சுவரெங்கும் ஒளிப்புள்ளிகளாயின. பிள்ளைகள் அதைப் பார்க்கவே வந்தார்கள். செய்ய விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அகல் விளக்கை உள்ளே வைக்காதீர்கள். நான் வைத்துப் பார்த்து, முதல் உருளையைக் கருக்கிவிட்டேன்.

இவ்வாறு பிள்ளைகள் மாலை வேளைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடலாயினர். எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகள் ஐந்தாறு பேர். மற்றவர்கள் தெருவின் பிள்ளைகள். 1994ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தில் அவர்களுக்கு ஒரு போட்டி வைத்தேன். கடையில் எதுவும் வாங்கக் கூடாது. ஒரு காசும் செலவழிக்கக் கூடாது. வீட்டில் வீணாகக் கிடப்பதைக் கொண்டு, பாலன் இயேசுவுக்கு ஒரு பரிசு செய்து கொண்டுவர வேண்டும். எளிமையைக் கற்பிக்கிறேன் என்ற பெருமிதம் எனக்கு. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சோ என்னும் மலையூரில் முதன்முதலாக அமைத்த குடிலைப் பற்றியும் அவர்களுக்குச் சொன்னேன். அங்கே விலைகொடுத்து வாங்கிய உருவச் சிலைகள் இல்லை. ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், உயிருள்ள மாடு ஒன்றும் கழுதை ஒன்றும் மட்டுமே இருந்தன என்று விளக்கினேன்.

கேட்டவர்களில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவள் பள்ளியை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த தறி வீடு ஒன்றில் கோர்வைக்கு உட்கார்ந்திருந்தாள். கோர்வை என்றால் என்ன என்பதைப் பட்டுடுத்துகிற நம்மில் பலரும் அறியோம். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக உள்ள சேலையில், இரு நிறத்து ஊடைகளும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும்படி நெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவருடைய கைகள் இரண்டு மட்டுமே. மறுபுறத்துக் கரையின் நாடாவை எறிய இன்னொருவர் அருகில் அமர வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் ஒரு குழந்தை. பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை அந்தக் குழந்தை அங்கே அமர்ந்திருக்கும். துணி நெய்யும் வேலைக்குச் சிறுவரை அமர்த்தக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. குடும்பத்தார் துணையோடு நடக்கும் வீட்டுத் தறிக்கு விலக்கும் அளித்தது. அந்த விலக்கின் வழியே யாருடைய குழந்தை எந்தக் குடும்பத்துத் துணையாயிற்று என்று கேட்பார் இல்லை. மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் பன்னாட்டு அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவரைப் பற்றி 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை; வெட்கமே ஏற்பட்டது. என் திண்ணையில் நடந்ததை எழுத ஓர் அயல்நாட்டு அமைப்பு வர வேண்டியிருந்தது.

டிசம்பர் 22ஆம் நாள் மாலை பரிசுகள் வந்தன. தீப்பெட்டிக் கட்டில், ஊமத்தங்காய் ஆட்டுக்குட்டி, வாழைமட்டைக் கழுதை. கடைசியாக அந்தச் சிறுமி, பாவாடை மடிப்பிலிருந்து ஒரு விண்மீனை எடுத்தாள். மூங்கில் சிம்பு வெளியே தெரியாதபடி நெருக்கமாகச் சுற்றிய சரிகை. மங்கிய மாலையில் அது தானாகவே ஒளிர்ந்தது. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். நான் சற்றும் சிந்திக்கவில்லை. முதற்பரிசாக வைத்திருந்த வண்ணப் பென்சில் பெட்டியை அவள் கையில் கொடுத்து, விண்மீனைக் குடிலின் மேல் தொங்கவிட்டு, எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்.

சரிகை என்பது பட்டு இழையின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. முதலாளி அதனை எடை போட்டுக் கொடுப்பார். நெய்த சேலையையும் எடை போட்டு வாங்குவார். தெருவில் மூன்றாண்டு வாழ்ந்த எனக்கு இது தெரியாதது அன்று. தெரிந்தும் தோன்றவில்லை.

இரவு ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மழை பெய்துகொண்டிருந்தது, மின்சாரமும் இல்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தாய் நின்றிருந்தார். மற்றொரு கையில், கோணிப்பையால் மூடிய ராட்டினம்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நட்சத்திரத்தக் கொஞ்சம் குடுங்க. காலையில தறி வீட்டுல தார் எண்ணுவாங்க."

பாதி தீர்ந்த சரிகைத் தார் ஒன்றை அவள் எடுத்து வந்திருக்கிறாள். குறைந்தது தெரிந்தால் முன்பணக் கணக்கில் ஏறும். இன்னும் எத்தனை மாதமோ! நான் பதறிப்போய், அதன் விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அந்தத் தாய் தலையசைத்து மறுத்தார்.

"காசு குடுத்தா எடுத்தது எடுத்ததுன்னே ஆயிடும் டீச்சர். தார் திரும்பிப் போயிட்டா, எடுக்கலன்னு ஆயிடும்."

அதுவரை பேசாதிருந்த சிறுமி அப்போதுதான் வாய் திறந்தாள். "நான் அறுக்கல டீச்சர். ஒரு எடத்துலகூட அறுக்கல. பண்டிக முடிஞ்சதும் அப்படியே சுத்தி வெச்சிடலாம்னு இருந்தேன்."

உண்மைதான். ஐந்து முனைகளையும் ஒரே இழையால் சுற்றியிருந்தாள். மூங்கிலின் சிராய் பட்டால் சரிகை உரிந்துவிடும் என்பதற்காக, முதலில் கழிவுப் பட்டு நூலைச் சுற்றி மெத்தையாக்கி, அதன்மேல்தான் சரிகையை ஓட்டியிருந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் என்ற நினைவு, முதற்சுற்றிலிருந்தே அந்தக் கைகளுக்கு இருந்திருக்கிறது. அவள் பாலனுக்குக் கொடுத்தது சரிகையையன்று; இரவில் கண்விழித்து அதைச் சுற்றிய நேரத்தை. தனக்கென்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் முழுமையாக அவளுடையதன்று.

நான் மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். சிறுமி விண்மீனைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, தாய் ராட்டினத்தில் தாரைச் சுற்றினார். குடிலின் முன்பாகவே அமர்ந்து செய்தோம், வேறு இடமில்லை. முடிந்தபோது பதினொரு மணிக்கு மேலாகிவிட்டது. கடைசி இழை விலகியதும், கழிவு நூல் சுற்றிய மூங்கிலைச் சிறுமி என்னிடம் நீட்டினாள். "இப்ப காசில்லாததுதான் டீச்சர்" என்றாள். என் போட்டி விதிகளை நான் வைத்ததைவிட அவள் நன்றாக நினைவில் வைத்திருந்தாள்.

வீணாகக் கிடப்பதைக் கொண்டு என்று நான் சொன்னேன் அல்லவா? ஒரு நெசவாளி வீட்டில் வீணாகக் கிடப்பது எது? அறுந்த பட்டு நூலையும் சரிகைத் துணுக்கையும்கூடச் சேர்த்து வைத்து எடைக்கு விற்கிறார்கள். கிழிந்த பட்டுச் சேலையை வெள்ளிக்காக வாங்கிப் போகிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். கைத்தொழில் எளிமையானது என்று எனக்குத் தோன்றியது, மாதம் முடிந்ததும் சம்பளம் வாங்கியதால். விடுமுறையில் விளையாட்டாக ஒட்டுவதற்கும் வெட்டுவதற்கும் எனக்கு நேரம் இருந்தது. கடையில் வாங்காதே என்று சொன்ன நான்தான் பென்சில் பெட்டியைக் கடையில் வாங்கினேன் என்பதும் பிற்பாடே உறைத்தது.

அந்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலியில் லூக்கா நற்செய்தி வாசிக்கப்பட்டபோது, நான் அதுவரை கவனியாத ஒன்று செவியில் விழுந்தது. துணிகளில் பொதியப்பட்ட குழந்தை என்பதை நற்செய்தியாளர் இருமுறை சொல்கிறார். மரியா பொதிந்ததாக ஒருமுறை. இடையர்களுக்கு அடையாளமாக மறுமுறை. ஞானிகளின் பொன்னுக்கு முன்பே குழந்தையைத் தொட்டது துணி. அதனை யாரோ நூற்று, யாரோ நெய்திருக்க வேண்டும். சூசையப்பரைத் தம் தேம்பாவணியின் நாயகராக்கிய வீரமாமுனிவரும் அவருக்கு வளன் என்று பெயரிட்டுப் புகழ்ந்தார். அந்தத் துணியை நெய்த கையைத்தான் யாரும் பாடவில்லை. இதைப் பக்கத்து வீட்டு நெசவாளர் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிலுவையடியில் படைவீரர் சீட்டுப் போட்ட தையலில்லாத அங்கியைப் பற்றியும் சொன்னேன். தாத்தா சிறிது நேரம் யோசித்துவிட்டு, இரண்டு அடுக்காகப் பாவு ஏற்றி, ஊடையை மேலும் கீழுமாகச் சுற்றி ஓட்டினால் தையலின்றிக் குழல்போல் வரும் என்று விரல்களாலேயே நெய்து காட்டினார். "செஞ்சவன் கெட்டிக்காரன்" என்றார்.

அந்தச் சிறுமி பள்ளிக்குத் திரும்பவில்லை. நான் தாயிடம் பேசினேன். தறி வீட்டாரிடமும் பேசினேன். முன்பணம் பேச்சைவிடப் பெரிதாக இருந்தது. இரவில் திண்ணையில் மூன்றாண்டு காலம் எழுத்தும் கணக்கும் கற்பித்தேன். அது போதவில்லை என்பது எனக்குத் தெரியும். மணமாகிப் போகும்வரை அவள் தறியில் இருந்தாள்.

போட்டி வைப்பதை நான் அன்றோடு விட்டேன். பரிசு செய்வதை விடவில்லை. அட்டை விளக்கை இன்னும் செய்கிறேன். தேங்காய்ச் சிரட்டையில் இன்னும் விதைக்கிறேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாள் அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலைப் பற்றிய திருத்தூது மடலில் கையொப்பமிட்டார். வீடுகளில் மட்டுமன்றி, வேலைத்தலங்களிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பொதுவெளிகளிலும் குடில் அமைக்கும் வழக்கத்தை அவர் அதில் ஊக்குவித்தார். வேலைத்தலம் என்ற சொல்லில் எனக்குத் தறிக்குழி நினைவுக்கு வந்தது. மார்கழி மழையில் அந்தக் குழிகளில் நீர் ஊறிவிடும், தறி நிற்கும், கூலியும் நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் மாலையில் அவள் வந்தாள். மகனையும் அழைத்து வந்திருந்தாள். அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்; தறியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்று அவளே சொன்னாள். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு குடிலைச் சுற்றிப் பார்த்தவள், மேலே நிமிர்ந்து நின்றுவிட்டாள். கழிவுப் பட்டெல்லாம் உதிர்ந்து, மூட்டுகளின் முடிச்சு மட்டும் எஞ்சியிருந்தது.

"இதையா டீச்சர் இன்னும் வெச்சிருக்கீங்க? பாருங்க, இந்த முனை அன்னைக்கே கோணல். அவசரத்துல கட்டினது."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அதைக் கழற்றி எடுத்தாள். நூல் இருக்கிறதா என்று கேட்டாள். தையல் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். பல்லால் நூலைக் கடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அந்த முனையை நேராக்கிக் கட்டினாள்.