கவிழ்ந்த தளிர்

ஜூன் 9

களனி கங்கையில் படகு விட வருகிறவர்களுக்கு கித்துல்கல மழை கொண்டாட்டம். சட்டியில் செடி வளர்க்கிறவர்களுக்கு அல்ல. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் வாசலில் வைத்த செடிக்கு வேரழுகல்தான். அதனால் எங்கள் கொச்சிக்காய்ச் செடிகள் பெயின்ட் வாளிகளோடு காம்பராவுக்குள் ஜன்னலோரம் குடியேறிவிட்டன. இன்று பார்த்தால் நுனியெல்லாம் சுருட்டை. மருந்துக் கடைக்காரர் போனில் படத்தைப் பார்த்ததுமே "வைரஸ்" என்று ஒரு போத்தலை எடுத்து வைத்தார். வாங்கவில்லை. வைரஸுக்கு மருந்தே கிடையாது. அதைப் பரப்பும் வெள்ளை ஈயைத்தான் கொல்லலாம். அதையும் சோறாக்கிப் படுக்கிற அறைக்குள்ளா அடிப்பது?

ஜூன் 10

தண்ணீர்க் கோளாறு என்றால் முற்றிய இலைகளும் சேர்ந்து துவளும். இங்கே அடியிலைகள் தட்டையாக, நல்ல பச்சையாக இருக்கின்றன. கேடு தளிரில் மட்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது சுருளும் திசை. விளிம்பு மேல்நோக்கி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். விளிம்பு கீழே கவிழ்ந்து, இலை ஒடுங்கி, காம்பு நீண்டால் மஞ்சள் சிற்றுண்ணி. நம்முடையவை கவிழ்ந்தவை. ஒரு செடி மட்டும் வேறு மாதிரி: நரம்பு வெளிறி, மஞ்சள் திட்டுகள், இலையும் குட்டை.

ஜூன் 11

அடுத்த காம்பராப் பெரியம்மா தேயிலை நாற்று மேடையில் வேலை செய்தவர். தளிரை விரலால் தடவிப் பார்த்தார். "தேயிலைக் கன்னுலயும் இப்பிடித்தான் தம்பி வரும். கொழுந்து சிறுத்து வெறைச்சுப் போகும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

சரியாகச் சொன்னார். பூச்சியியலாளர் இ. இ. கிரீன் 1890இலேயே இலங்கைத் தேயிலையில் வரும் இந்த மஞ்சள் சிற்றுண்ணியைப் பற்றி எழுதியிருக்கிறார். உருவம் 0.2 மில்லிமீட்டர்தான். ஜன்னல் வெளிச்சத்தில் இலையின் அடிப்புறத்தை லென்ஸால் பார்த்தபோது முதலில் அகப்பட்டவை முட்டைகள்: கண்ணாடி நிறம், மேலே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். அதன்பிறகு சந்தேகமில்லை. வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடிக்குச் செடி சவாரி போகிற கில்லாடி இது. ஈரமும் நிழலும் இதற்கு ரொம்பப் பிடிக்கும். போதாக்குறைக்கு, வீட்டுக்குள் இதைத் தின்னும் எதிரிப் பூச்சிகளும் இல்லை.

ஜூன் 12

கவிழ்ந்த நுனிகளைக் கிள்ளி அடுப்பில் போட்டாயிற்று. வாளிகளை ஒன்றையொன்று தொடாமல் நகர்த்தினேன். வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலக்கி, சாயங்காலம் இலைகளின் அடிப்புறம் நனையத் தெளித்தேன். கந்தகமும் கேட்கும், ஆனால் எண்ணெய் பட்ட இலையில் உடனே கந்தகம் போட்டால் இலை கருகும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிவதால் ஒரு தடவையோடு விட முடியாது. வருகிற செவ்வாய் மறுபடி.

ஜூன் 26

புதுத் தளிர்கள் தட்டையாக விரிகின்றன. ஏற்கெனவே சுருண்டவை அப்படியேதான் இருக்கின்றன. உண்ணி செத்தாலும் அது செலுத்திய நச்சில் கோணியது கோணியதுதான். மஞ்சள் திட்டுச் செடிக்குத்தான் வைரஸ்; அதை வேரோடு பிடுங்கினேன். "காய்ச்சிட்டிருந்ததே!" என்று பெரியம்மா அங்கலாய்த்தார். மழை விட்டால் மற்றவற்றை இஸ்தோப்புக்குக் கொண்டுபோகலாம், அவருடைய கோழிகளை அவர் கட்டிவைப்பதாக இருந்தால்.