அருவாளுக்குள் ஆறு கிராம்

பி.காம். படிக்கிறவனுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் அப்புச்சி நாமக்கல் பக்கம் கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர். பள்ளி லீவெல்லாம் எனக்குத் துருத்தியில்தான் போகும்.

ஒன்பதாவது லீவில் ஒரு தப்பு செய்தேன். அவர் டீ குடிக்கப் போன நேரம். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்து வைத்திருந்த அருவாளை நானே செவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிவிட்டேன். அரம் போட்டால் வழுக்கியது, அவ்வளவு கடினம்! பெருமையாகக் கல்லில் ஒரு தட்டு தட்டினேன். இரண்டாக உடைந்தது.

அப்புச்சி திட்டவில்லை. "தோய்ச்சலுக்கப்புறம் மறுக்கா லேசா அனல் காட்டோணும் கண்ணு. இல்லாட்டி வீம்பு ஏறிக்கும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்."

காரணம் தெரிய எனக்குக் கல்லூரி நூலகம் வரை போக வேண்டியிருந்தது. சந்தையில் ஆரஞ்சு அடுக்குவது போல இரும்பு அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். எப்படி அடுக்கினாலும் இடையில் சந்து இருக்குமல்லவா? கார்பன் சின்ன அணு. அந்தச் சந்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நன்றாகச் செவந்த இரும்பில் அடுக்கு முறையே மாறி ஒவ்வொரு சந்தும் பெரிதாகிறது. அதிக சூட்டில் 2 சதவீதம் வரை கார்பன் உள்ளே போகும். ஆறினால் பழைய அடுக்கு, அதில் 0.02 சதவீதத்துக்கு மேல் இடமில்லை. மெதுவாக ஆறினால் கார்பன் வெளியேறிவிடும். தண்ணீரில் முக்கினால் அதற்கு நேரமில்லை. சந்திலேயே மாட்டிக்கொண்டு அடுக்கை இழுத்துப் பிடிக்கிறது. கடினமும் அதனால்தான், நொறுங்குவதும் அதனால்தான். மறுபடி சூடு காட்டினால் கொஞ்சம் கார்பன் நகர்ந்து இறுக்கம் தளரும். அப்புச்சி சொன்ன வீம்பு இதுதான்!

நம் சேலம் பக்கத்துப் பழைய உருக்குக்காரர்கள் மண் குகையில் இரும்போடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து மூடிக் காய்ச்சினார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். கார்பன் என்ற பெயர் தெரியாமலே அதை உள்ளே அனுப்பியவர்கள்.

ஒரு கிலோ ஸ்பிரிங் பட்டையில் கார்பன் சுமார் ஆறு கிராம்தான். எங்கள் அக்கவுண்ட்ஸில் இவ்வளவு சின்னத் தொகையைப் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டோம். இங்கே அந்த ஆறு கிராம் இல்லையென்றால் அருவாளே இல்லை.

பட்டறையைப் போன வருஷம் மூடிவிட்டார். போன மாதம் ஊருக்குப் போனபோது ஆரஞ்சு அடுக்கிக் காட்டி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அனல்ல காட்டறப்ப மஞ்சக் கலரு வந்து, அப்புறம் நீலமாகுமே, அது உம்பட புஸ்தகத்துல இருக்குதா?" என்றார்.

இருக்கிறது. வைக்கோல் மஞ்சள் ஏறக்குறைய 230 டிகிரி, நீலம் 300 என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள்.

"அப்பச் செரி" என்று சொல்லி ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.