பொம்மைக் கதையும் பெருஞ் செல்வமும்

கணினி விற்றுப் பெருஞ் செல்வரானவர் யாரென வினவின், எம் மாணவர் ஸ்டீவ் ஜொப்ஸ் என உடனே விடையிறுப்பர். வணிகத் துறையில் நிற்கும் பழைய மாணவரும் அவ்வாறே கூறுவர். அவ்விடை பாதியே சரி. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலையென நகைப்பார் நகைக்க.

1976 இல் தாம் நண்பருடன் தொடங்கிய அப்பிள் கம்பனியை விட்டு 1985 இல் விலகிய ஜொப்ஸ், ஒன்றொழியத் தம் பங்குகள் யாவற்றையும் விற்றார். மறு ஆண்டு ஜோர்ஜ் லூக்காசிடமிருந்து ஒரு கணினிப் பிரிவை 50 இலட்சம் டொலருக்கு வாங்கினார். அதுவே பிக்ஸார். அவர் விற்க எண்ணியது படங்களைக் கையாளும் கணினியை; வாங்குவாரோ அரியர். ஆண்டுதோறும் கைப்பொருளைக் கொட்டினார். நிறுவனத்தையே விற்கவும் முயன்றார். 1991 இல் பணியாளர் பலரை நீக்கினார். கணினியின் திறத்தைக் காட்டுதற்கென ஒரு மூலையிலிருந்து குறும்படம் இயற்றிய சிலரே ஈற்றில் அவரைக் காத்தனர். 1995 நவம்பரில் அவர்தம் 'டோய் ஸ்டோரி' வெளிவந்தது. ஒரு வாரத்துள் பங்குகள் சந்தைக்கு வர, ஜொப்ஸின் பங்கு 100 கோடி டொலரைத் தாண்டிற்று. 2006 இல் டிஸ்னி 740 கோடி டொலர் பெறுமதிக்குப் பிக்ஸாரை வாங்கியது. 2011 இல் அவர் இறந்தபோது அவர் செல்வத்தின் பெரும்பகுதி டிஸ்னிப் பங்குகளே, அப்பிள் அன்று.

கதையும் சித்திரமும் சோறு போடா எனப் பிள்ளையைக் கலைப்பிரிவிலிருந்து மாற்ற வரும் தந்தையர்க்கு இதனைச் சொல்வதுண்டு. ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதலாளிக்குச் சரி மாஸ்ரர், படம் கீறினவைக்கு எவ்வளவு?" என்றார். நல்ல வினா. மகன் இன்னும் என் வகுப்பிலேயே இருக்கின்றான்.