அறிந்த நூலே அளவுகோல்

நாம் வாழும் மணலூர்பேட்டை, தென்பெண்ணையாற்றங்கரையில் அமைந்த ஒரு சிற்றூர். தை மாதத்து ஆற்றுத் திருவிழாவினால் சுற்று வட்டாரமெங்கும் அறியப்பட்டதாயினும், பெரிய நூலகங்களுக்கெல்லாம் தொலைவிலேயே இருப்பது. சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்குச் சென்று ஒரு பழைய நூலைப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் 200 கிலோமீட்டர் பயணம் செய்தாக வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் இனி இல்லை, நூலகங்கள் இணையத்தளங்களாக வீடு தேடி வந்துவிட்டன என்கிறார்கள். இச்சொல் எந்த அளவுக்கு மெய்? சிற்றூரில் வாழும் ஒரு முஸ்லிம் குடும்பம் இத்தளங்களுள் எதனை நம்பலாம்? எதற்குத் தன் நேரத்தைக் கொடுக்கலாம்? இதனைச் சிந்திப்பதே நம் நோக்கம்.

இது வெறும் பொழுதுபோக்கு வினாவன்று. நம் இல்லங்களில் பழைய பெட்டிகளின் அடியில் மாலைகள், முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள், நாமாக்கள், மசலாக்கள் எனப் பல நூல்கள் கிடக்கின்றன. நன்னிமார் இராகத்தோடு ஓதிய அந்நூல்கள் இன்று தொட்டால் ஒடியும் நிலையில் உள்ளன. நம் வீட்டிலும் அத்தகைய கிஸ்ஸா நூலொன்று உண்டு. முகப்பேடு இல்லை, முதல் எட்டுப் பக்கங்களும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் நூலின் பெயர் அச்சாகியிருப்பதால் பெயர் மட்டும் தெரிகின்றது. பாடியவர் யாரென்று தெரியவில்லை. கல்லூரியில் தமிழ் பயிலும் நம் பேத்தி அதனை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்பி, "நன்னா! இதன் முழுநூல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள். அந்த வினாவோடுதான் நாம் இணைய நூலகங்களின் வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினோம். அத்தேடலில் கண்டறிந்த உண்மைகளை வாசகர்கள்முன் வைக்கின்றோம்.

ஒரு தளத்தின் தகுதியை அதன் முகப்பைக் கொண்டு அளப்பது தவறு. வண்ணப் படங்களும், ஓடும் எழுத்துகளும், 'இத்தனை இலட்சம் நூல்கள்' என்னும் அறிவிப்பும் கண்ணைக் கவரும். ஆனால் நாம் தேடுவது ஒரு நூல். அந்த ஒன்று கிடைக்காதவனுக்கு மற்ற இலட்சங்களால் ஆவதென்ன? அவ்வாறாயின் எதைக் கொண்டு அளப்பது? நாம் கண்ட வழி எளியது. நாம் நன்கறிந்த நூலொன்றை எடுத்துக்கொண்டு அத்தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். அறிந்த நூலை எவ்வளவு செம்மையாகக் காட்டுகின்றதோ, அவ்வளவுதான் அறியாத நூலிலும் அத்தளத்தை நம்பலாம். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லைப்போல நம் கையிலுள்ள நூல் நமக்குப் பயன்படும்.

நம் சமுதாயத்தாருக்குச் சீறாப்புராணத்தைவிடச் சிறந்த உரைகல் வேண்டுவதில்லை. அதனைப் பாடிய புலவரை உமறு என்பார் உண்டு; உமரு என்பாரும், உமர் என்பாரும் உண்டு. நூற்பெயரை ஒரே சொல்லாக எழுதுவோரும், 'சீறாப் புராணம்' எனப் பிரித்து எழுதுவோரும் உள்ளனர். மூன்று காண்டங்களுள் இறுதியானதை ஹிஜ்றத்து, ஹிஜ்ரத்து, கிசுறத்து என்று பலவாறு அச்சிட்டுள்ளனர். முகம்மது, முஹம்மது, முகமது என்பன ஒரே பெயரின் வடிவங்கள் என்பதை நம் வீட்டுக் குழந்தையும் அறியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம் அறியாது. அறிவிக்க வேண்டியவர் நூலகர். ஓர் ஆசிரியருக்கு ஒரு நிலையான பெயரை வகுத்து, அவர் பெயரின் மற்ற வடிவங்கள் அனைத்தையும் அதனோடு இணைத்து வைப்பது நூலகப் பட்டியற்கலையின் பழைய மரபு. எந்த வடிவில் கேட்டாலும் அந்த ஆசிரியரிடமே கொண்டு சேர்க்கும் தளம் நல்ல தளம். ஒரு வடிவத்திற்குப் பத்து நூல்களும், மற்றொரு வடிவத்திற்கு 'ஏதுமில்லை' என்ற விடையும் தரும் தளத்தில் நூல் இருந்தும் இல்லாததற்குச் சமமே.

இரட்டைப் பெயருடைய நூல்கள் இன்னும் கடினமான சோதனை. 1572இல் இயற்றப்பட்ட ஆயிர மசலாவுக்கு அதிசய புராணம் என்றும் பெயர். இரு பெயர்களும் ஒரே நூலைக் காட்டுகின்றனவா என்று பார்த்தாலே பட்டியலைத் தொகுத்தவரின் உழைப்பு விளங்கிவிடும். அரபுத்தமிழ் நூல்களின் நிலை மேலும் இரங்கத்தக்கது. எழுத்து அரபு, மொழி தமிழ். எழுத்தை மட்டும் கண்டு 'அரபு நூல்' என்று பதிந்துவிட்டால், தமிழ் நூல் தேடுவோன் அதனை என்றுமே காணமாட்டான். மொழியையும் எழுத்தையும் தனித்தனியே குறிக்கும் பட்டியலே இந்நூல்களுக்கு நீதி செய்வதாகும்.

ஆட்களின் பெயருக்குச் சொன்னது ஊர்களுக்கும் பொருந்தும். மணலூர்பேட்டை முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கு வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. மாவட்டத்தின் பெயர்தான் மாறிற்று. இப்பகுதியைப் பற்றிய பழைய நூல்களைத் தேடும் மாணவன் கள்ளக்குறிச்சி என்ற சொல்லோடு நின்றுவிட்டால் பெரும்பகுதியை இழப்பான். இம்மாற்றங்களை இணைத்துக் காட்டும் தளம் அவன் உழைப்பைக் குறைக்கும்.

நூலைக் கண்டுபிடித்தபின் எழும் வினா, அது எந்தப் பதிப்பு என்பது. ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் மட்டும் கொண்ட பதிவு அரைகுறையானது. யார் பதிப்பித்தார், எந்த அச்சகம், எந்த ஆண்டு, எத்தனை பக்கங்கள், எந்தப் பக்கங்கள் இல்லை என்பன எல்லாம் இருத்தல் வேண்டும். ஹிஜ்ரி ஆண்டிட்ட நம் பழைய நூல்களுக்கு அதற்கு இணையான ஆங்கில ஆண்டையும் காட்டுதல் நன்று. குறையுள்ள பிரதியைக் குறையுள்ளதென்று ஒப்புக்கொள்ளும் தளமே நாணயமானது. பக்கங்கள் இல்லை என்பதை நாற்பது பக்கங்கள் படித்தபின் நாமே கண்டுபிடிக்க நேர்ந்தால், அத்தளத்தின் மற்றப் பதிவுகளிலும் ஐயம் எழுவது இயல்பல்லவா?

மின்படிகளிலும் இருவகை உண்டு. ஒன்று, பக்கத்தைப் படமாகப் பிடித்து வைப்பது. மற்றொன்று, எழுத்துகளாகவே தட்டச்சிட்டுத் தருவது. படத்தில் அச்சுநூலை உள்ளவாறே காணலாம்; ஆனால் அதனுள் ஒரு சொல்லைத் தேட இயலாது. எழுத்துப்படியில் தேடலாம், ஆனால் தட்டச்சிட்டவரின் கவனத்தை நம்பியாக வேண்டும். படத்தை இயந்திரமே எழுத்தாக மாற்றும் முறையும் இன்று வந்துள்ளது. தமிழகத்தில் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா, னா போன்ற எழுத்துகள் வேறு வடிவம் உடையன. மிகப் பழைய அச்சுகளிலோ மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் காணப்படுவதில்லை. இவற்றில் இயந்திரம் தடுமாறுவது வியப்பன்று. ஆதலால் 'தேடினேன், சொல் இல்லை' என்று முடிவு கட்டுமுன், அத்தளம் தருவது எவ்வகைப் படி என்று அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவுகோல்களோடு மூன்று தளங்களை நோக்குவோம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் கைவண்ணம். நூல்களை எழுத்துப்படிகளாகவே தருவதும், தட்டச்சிட்டவர், பிழை திருத்தியவர் ஆகியோரின் பெயர்களைக் குறிப்பதும் அதன் சிறப்பு. பொறுப்பேற்பவர் யாரென்று தெரிவதே ஒரு நம்பிக்கையல்லவா? எனினும் ஓர் எழுத்தில் ஐயம் எழுந்தால் அச்சுப்பக்கத்தைக் காணப் பெரும்பாலும் வேறிடம் செல்ல வேண்டும். அத்தேவையை நிறைவு செய்வது, தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய தமிழ் மின்னூலகம். பழைய நூல்களின் பக்கப் படங்களை அங்கே காணலாம். 2005இல் இலங்கைத் தமிழர்கள் தொடங்கிய நூலகம் என்னும் தளம், ஒவ்வொரு ஆவணத்திற்கும் எண் கொடுத்து, ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை ஒழுங்காக அடுக்குகின்றது. இதழ்களுக்கு உள்ளடக்கத்தையும் தட்டச்சிட்டுத் தருவதால், ஒரு கட்டுரையின் தலைப்பைக் கொண்டே இதழைக் கண்டுபிடிக்க முடிகின்றது. மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாவனவேயன்றிப் போட்டியாவன அல்ல. ஆய்வு மாணவர் மூன்றையும் ஒப்பிட்டுப் பயன்கொள்வதே முறை.

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தளித்தார். அவற்றுள் ஒன்று வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. இணையம் என்னும் சொல்லே அறியாத காலத்தில் எழுந்த அவ்விதி இன்றைய தளங்களுக்கும் பொருந்துகின்றது. சிற்றூரில் பெரும்பாலோரிடம் கணிப்பொறி இல்லை, கைப்பேசியே உண்டு. முழுநூலையும் ஒரே கோப்பாக இறக்கினாலன்றி ஒரு பக்கமும் பார்க்க இயலாதெனில், அலைவரிசை குன்றிய தெருவில் அத்தளம் பூட்டிய அலமாரியே. ஒவ்வொரு பக்கமாகத் திறக்க வழி உண்டா, தமிழில் வழிகாட்டும் சொற்கள் உண்டா, முதியவர் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்க இயலுமா என்றெல்லாம் சோதிக்க வேண்டும். இவ்வாறு கேட்க நமக்கு உரிமையுண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இயங்கும் நம் பொது நூலகங்களுக்கு, வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தி வருகின்றோம். அரசு நூலகத்தின் இணைய வாயிலும் நம் பணத்தில் எழுந்ததே.

உரிமையைப் பேசும்போது பிறர் ஹக்கையும் நினைக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை நூலின் உரிமை அவர் வாரிசுகளுக்கு உரியது. நேற்று வெளிவந்த நூலை இன்று எவர் அனுமதியுமின்றி இலவசமாக வழங்கும் தளங்கள் உள்ளன. கிடைப்பது எளிது என்பதனால் மட்டும் அவற்றை நூலகம் என்று அழைத்தல் தகாது. எந்த உரிமையின் பேரில் நூலை வழங்குகின்றோம் என்று வெளிப்படையாகச் சொல்வது நல்ல தளத்தின் இலக்கணங்களுள் ஒன்று.

நிலைபேறும் கருதத்தக்கது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் புகுந்தது. ஏடுகள் நெருப்புக்கும் நீருக்கும் இரையாகும் என்பதை நாம் அறிவோம். மின்படிகளுக்கும் ஆபத்துண்டு. 2023 அக்டோபரில் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டு, அதன் பட்டியல் மீண்டும் இணையத்திற்கு வர 2024 ஜனவரி ஆயிற்று. 2024 அக்டோபரில் இணைய ஆவணகம் என்னும் புகழ்பெற்ற தளமும் தாக்குதலால் சில நாள்கள் முடங்கியது. ஆதலின் ஓரிடத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. தளத்தை நடத்துவோர் யார், பிரதிகளை வேறிடத்திலும் காக்கின்றார்களா என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

பேத்தியின் தேடல் என்னவாயிற்று என்று அன்பர்கள் வினவக்கூடும். 'கிஸ்ஸா' என்று தேடியபோது கிடைக்காத நூல், 'கிஸா' என்று தேடியபோதும் கிடைக்காத நூல், 'கிச்சா' என்று தேடியபோது ஒரு தளத்தில் வெளிப்பட்டது. நம் பிரதியில் இல்லாத முகப்பேடும் முதல் எட்டுப் பக்கங்களும் அதில் இருந்தன. பாடிய புலவரின் பெயரும் தெரியவந்தது. ஆனால் அப்பிரதியின் இறுதிப் பன்னிரண்டு பக்கங்கள் இல்லை. அவை நம் பெட்டியில் கிடக்கும் நூலில் உள்ளன! இரண்டையும் சேர்த்தால்தான் நூல் முழுமை பெறும். அப்பக்கங்களைப் படமெடுத்து, பெயரின் மூன்று வடிவங்களையும் குறித்து, அத்தளத்தாருக்கு அனுப்பி வைத்தாள் பேத்தி. இரு வாரங்களில் பதிவு திருந்தியது. வாசகர் சொல்லும் திருத்தத்தை ஏற்கும் தளம் எதுவோ, அதுவே வளரும் நூலகம் என்பதை அன்று கண்டோம்.

இதில் நமக்கொரு கடமையும் இருக்கின்றது. நம் முன்னோர் நூல்கள் இணையத்தில் சரிவரக் கிடைக்கவில்லை என்று குறைகூறுவோர் பலர். தம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போர் சிலரே. ஒவ்வொரு குடும்பமும் தான் நன்கறிந்த ஒரு நூலைக் கையிலெடுத்து, ஒரு தளத்திலேனும் தேடிப் பார்க்கட்டும். பெயர் பிழையாயிருப்பின் எழுதித் தெரிவிக்கட்டும். பக்கம் குறைந்திருப்பின் அனுப்பி உதவட்டும். நூலே இல்லையெனில் படியெடுக்கக் கொடுக்கட்டும். வரும் தலைமுறைப் பிள்ளைகள் எந்த எழுத்தில் தேடினாலும் தம் பாட்டன் பாட்டியரின் நூல் அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.