உம்மா ஏற ஏலாத கார்

வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறந்ததில் இருந்து, எங்களிடம் படித்த பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சேர், ஸ்போர்ட்ஸ் கார் ஒன்ற ஒவ்வொரு நாளும் ஓடலாமா?"

ஓடலாம். நாங்கள் ஓடுகிறோம். கணவனும் மனைவியுமாக இரண்டு ஆசிரியர்கள், ஒரு ஹோண்டா சீஆர்-ஸெட். உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

2019இல் பாவித்ததைத்தான் வாங்கினோம். லீசிங் வட்டிக்குப் போகாமல், வருடக்கணக்காகக் கட்டிய சீட்டுக் காசில். ஊர் பேசாமல் இருக்குமா? "மாஸ்டருக்குச் சம்பளம் மட்டுந்தானா வருது?" என்று பள்ளிவாசல் வாசலிலேயே ஒருவர் கேட்டார். சிரித்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

சந்தோசம் இருக்கிறது, மறைக்க மாட்டோம். காலையில் நிந்தவூர் தாண்டி வீதி வெறிச்சோடிக் கிடக்கும்போது ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் மீட்டர் வட்டம் சிவக்கும். பெரிய வேகமெல்லாம் இல்லை, 1.5 லீற்றர் இஞ்சினும் சின்ன மோட்டரும்தான். ஆனால் வளைவில் நினைத்த கோட்டிலேயே போகும். ஆறு கியரையும் கையால் மாற்றிக்கொண்டு போகிற அந்தக் கொஞ்ச நேரம், எட்டுப் பாடவேளைக்கும் தெம்பு தரும். ஹைபிரிட் என்பதால் 2022இல் வாரத்துக்கு 20 லீற்றர் கியூஆர் கோட்டாவிலும் பாடசாலைக்குப் போய்வந்தோம்.

கஷ்டமும் இருக்கிறது. வேகத்தடைகளில் சரித்துச் சரித்து ஏற்ற வேண்டும். பின் சீட்டில் கொப்பிக் கட்டுகள்தான் வசதியாக இருக்கும். ஹைபிரிட் பெற்றரி ஒருமுறை மாற்றியதில் ஒரு வருடச் சேமிப்புப் போனது.

இதெல்லாம் பெரிதில்லை. போன மாரியில் ஓர் இரவு உம்மாவுக்கு மூச்சுத்திணறல். கார் போர்ட்டிகோவில் நிற்கிறது. முன்பு ஒரேயொரு தடவை அதில் ஏறியவர், "எழும்ப ஏலாம இரிக்கி மகன்" என்றார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம், அவரும் சிரித்தார். அன்று இரவு அந்தப் பள்ளமான சீட்டில் அவரை எப்படி இருத்துவது?

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். பள்ளி வாசலில் கேள்வி கேட்ட அதே மனிசன் சாரனோடு ஓடிவந்து, தன் ஆட்டோவில் உம்மாவைத் தூக்கி இருத்தினார். எங்கள் காரை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா இப்போது நலம். காரை விற்கவில்லை, ஆசை விட்டுப்போயிற்று என்று பொய் சொல்லவும் மாட்டோம். ஆனால் மறுபடி ஒரு சீட்டுத் தொடங்கியிருக்கிறோம், இந்த முறை சீட் உயரமான ஒரு வாகனத்துக்கு.

தம்பிமாரே, இஞ்சினையும் விலையையும் பிறகு பாருங்கள். வாங்க முதல், உங்கள் வீட்டில் வயது கூடியவரை அதில் ஒருதரம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.